பீரும் வீட்டுப் பானையும் – சில விளக்கங்கள்

நமது சங்க இதழில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டுகிறேன். குடிப்பவர்களுக்கு ஊக்கம் தருவது என் நோக்கம் அல்ல. குடிக்காதவர்களைக் குடிக்க அழைப்பதும் அல்ல. சென்ற ஆண்டு என் உறவினர் வீட்டில் நடந்த ஒரு விபத்துதான் என்னை எழுதத் தூண்டியது.

பெங்களூருக்குப் பிழைக்க வந்து, ஒரு மருந்துத் தொழிற்சாலையின் நொதித்தல் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தான். வரும்போது, அந்த நாட்டுக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 'வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பெட்டி' ஒன்றையும் கொண்டு வந்திருந்தான். மால்ட் பாகு ஒரு டின், ஈஸ்ட் ஒரு பொட்டலம், ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடி போடும் கருவி, அவ்வளவுதான். அல்சூரில் உள்ள அவன் வீட்டுக்கு நான் போயிருந்த அன்று வாளியைத் திறந்து காட்டினான். தொழில் ஆர்வத்தில் நுரையை முகர்ந்து பார்த்து, "நன்றாகத்தான் பொங்குகிறது மாப்பிள்ளை" என்று பாராட்டிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டிய வேறு எதையும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, சித்திரை மாதத்தின் ஒரு நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. பரணில் வைத்திருந்த பாட்டில்களில் நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துவிட்டன. பக்கத்து வீட்டார் கேஸ் சிலிண்டர் என்று நினைத்துத் தெருவுக்கே ஓடி வந்திருக்கிறார்கள். பரணுக்கு நேர் கீழே சமையல் அடுப்பு. வெடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அவன் மனைவி அங்கே நின்று குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு போயிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது, விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவரில் இருந்த மர அலமாரிக் கதவில் பதிந்து நின்றது. அதை நான்தான் குறடு வைத்துப் பிடுங்கினேன். அன்று நான் முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா வந்தது இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இந்தக் கட்டுரை.

பீர் என்பது என்ன?

கள் தென்னை, பனை மரங்களின் இனிப்பான சாற்றிலிருந்து வருவது. அதில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் காற்றில் உள்ள ஈஸ்ட் விழுந்தாலே போதும், தானே நொதித்துவிடும். தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. ஈஸ்ட் மாவுச்சத்தை நேரடியாக உண்ணாது. அதை முதலில் சர்க்கரையாக மாற்ற வேண்டும். தானியம் முளைவிடும்போது, அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிகள் அதற்குள் உண்டாகின்றன. பார்லியை ஊற வைத்து, முளைகட்டி, காய வைத்து எடுப்பதுதான் மால்ட். நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டி, காய வைத்து, வறுத்து அரைக்கிறோமே, அதே முறைதான்.

இந்த மால்ட்டை உடைத்து, 62 முதல் 70 டிகிரி வரை சூடான நீரில் ஒரு மணி நேரம் போல ஊற வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடிகட்டிய இனிப்பு நீரை ஹாப் என்னும் கொடியின் பூக்களோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூவால் வருபவை. பீர் எளிதில் கெடாமல் காப்பதும் அதுவே. பிறகு விரைவாகக் குளிரவைத்து ஈஸ்ட்டைச் சேர்த்தால், அது சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது தயாரிக்கும் காட்சி வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்தார்களாம். முளைத்த தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அதே நுட்பம். பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவே.

நம் நாட்டுக்கு வந்த கதை

கும்பினி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் பீர் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லண்டன் போ பகுதியில் ஆலை நடத்திய ஜார்ஜ் ஹாட்ஜ்சன் அனுப்பிய பீருக்கு இங்கே நல்ல பெயர். ஹாப் அதிகம் சேர்த்த வெளிர்நிற பீர் மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்கியது. பிற்காலத்தில் 'இந்தியா பேல் ஏல்' என்று பெயர் பெற்ற வகை இந்த வழியில் வந்ததுதான். இன்று நம் பெங்களூரு மதுக்கூடங்களில் அதைப் புதிய நாகரிகம் என்று இளைஞர்கள் கேட்டு வாங்குகிறார்கள்!

பின்னர் இங்கேயே ஆலைகள் எழுந்தன. எட்வர்ட் டயர் என்பவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஆலை வைத்தார். நல்ல ஊற்றுநீருக்காக அது சோலனுக்கு மாறியது. 1919இல் ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிச் சூடு நடத்திய ஜெனரல் டயரின் தந்தை இவரே. தென்னிந்தியாவில், நீலகிரியிலும் பெங்களூரிலும் இருந்தவை உள்ளிட்ட ஐந்து ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக இணைத்தார். யுனைடெட் புரூவரீஸ் பிறந்தது அப்படித்தான். நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. பாளையத்துச் சிப்பாய்களுக்குப் பீப்பாய்கள் மாட்டு வண்டியில் போன ஊர் இது. 'பப் நகரம்' என்ற பெயர் நம் ஊருக்குப் பின்னால் வந்ததில் வியப்பில்லை.

யாருக்கு எது பிடிக்கிறது?

உலகில் உள்ள பீர்களை ஈஸ்ட்டை வைத்து இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கலாம். 15 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பத்தில் வேலை செய்யும் ஈஸ்ட்டால் ஆவது ஏல். 7 முதல் 13 டிகிரிக் குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டால் ஆவது லாகர். நம் நாட்டுக் கடைகளில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பான்மை லாகர்தான். பெரும்பாலும் அரிசி அல்லது சோளம் கலந்து, உடல் இலேசாக, கசப்புக் குறைவாக இருக்கும். வெயிலில் குளிரக் குளிரக் குடிக்க ஏற்றது.

கோதுமை பீரில் ஜெர்மானிய வகைக்கு வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் உண்டு. பழமும் கிராம்பும் சேர்ப்பதால் அல்ல, ஈஸ்ட்டின் குணத்தால் வருபவை அவை. பெல்ஜிய வகையில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் உண்மையாகவே சேர்க்கிறார்கள். நம் தனியாவேதான்! கருக வறுத்த மால்ட்டால் ஆவது ஸ்டௌட். காப்பிக்கொட்டை வாசம் அடிக்கும். டிகிரி காப்பி குடித்து வளர்ந்த நம்மவர்களுக்கு அது சீக்கிரம் பிடித்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஆனால் நாடு முழுவதும் அதிகம் விற்பது 'ஸ்ட்ராங்' எனப்படும் வகை. உணவுத் தர ஆணையத்தின் விதிப்படி 5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளது சாதாரண பீர், அதற்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளது ஸ்ட்ராங். கொடுத்த காசுக்கு அதிக போதை என்பதே பலரது கணக்கு. இங்கே ஒரு கணக்கை நானும் போட்டுக் காட்டுகிறேன். 650 மில்லி கொண்ட 8 சதவீத பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி 'லார்ஜ்' விஸ்கியில், 42.8 சதவீதம் என்ற கணக்கில், ஏறக்குறைய 26 மில்லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். "நான் பீர் மட்டும்தான், அது பார்லித் தண்ணீர் மாதிரி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுப்பவர்களும், அதை நம்பும் வீட்டாரும் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய பீரில் கெடாமலிருக்கக் கிளிசரின் ஊற்றுகிறார்கள் என்று சொல்லி, பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கண்ணாடிபோல் ஏதோ நெளிந்து கீழே இறங்கும். "பார், கிளிசரின்!" என்பார்கள். உண்மையில் இறங்குவது பீரே. மிச்சமுள்ள மால்ட் சத்துகளால் பீர் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. கனமானது இறங்க, இலேசான தண்ணீர் மேலே ஏறுகிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது சிறிதளவு கிளிசரின் எல்லா நாட்டு பீரிலும் தானாகவே உண்டாகும். அதைப் பிரித்து இறக்க இந்த வித்தையால் ஆகாது.

வீட்டில் தயாரிப்பதில் உள்ள பள்ளங்கள்

முதலாவது, வெப்பம். இந்தப் பெட்டிகள் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஈஸ்ட் 20 டிகிரியில் அமைதியாக வேலை செய்யும். 32 டிகிரியில் தறிகெட்டு ஓடி, கனமான ஆல்கஹால்களையும் உருவாக்கிவிடும். பெயிண்ட் கரைப்பான் போன்ற வாசமும், குடித்தால் மண்டையிடியும் இதன் பலன்.

இரண்டாவது, சுத்தம். இட்லி மாவில் பாக்டீரியா நமக்கு நண்பன். பீரிலோ அதே லாக்டிக் வகை பாக்டீரியா பகைவன். கொதிக்க வைத்து ஆறிய பிறகு தொடுகிற கரண்டி, குழாய், மூடி எதில் அழுக்கு இருந்தாலும் பீர் புளித்துப் போகும். காற்றும் சேர்ந்தால் வினிகர் ஆகும். மாவு அரைக்கும் அறையிலேயே பீர் வாளியை வைப்பது இதனால்தான் கூடாது. சரி, பிளீச்சிங் போட்டுக் கழுவலாமா என்றால் அதிலும் ஆபத்து உண்டு. மிச்சமுள்ள குளோரின் மால்ட்டில் உள்ள பொருள்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாசத்தைக் கொடுத்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராலும் இதே குறை வரும்.

மூன்றாவது, வெளிச்சம். ஹாப்பின் கசப்புப் பொருள் சூரிய ஒளி பட்டால் சிதைந்து, சகிக்க முடியாத ஒரு நாற்றமாக மாறுகிறது. பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதற்குக் காரணம் அதுவே.

நான்காவது, உயிருக்கே உலை வைப்பது, வாயு அழுத்தம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாளியில் நொதித்து முடித்த பீரில் நுரை இருக்காது. பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை சேர்ப்பார்கள். மிஞ்சியுள்ள ஈஸ்ட் அதை உண்டு, வெளியேற வழியில்லாத கரியமில வாயு பீரில் கரையும். நல்ல பீரில் ஒரு லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரைக்கு ஒரு லிட்டர் வாயு என்பது கணக்கு. வாளியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய சர்க்கரையில் லிட்டருக்கு 10 கிராம் மிஞ்சி பாட்டிலுக்குள் போய்விட்டால், வாயு இரண்டு மடங்காகிவிடும். சாதாரண பாட்டில் அதைத் தாங்க முடியாது.

என் தங்கை மகன் வீட்டில் நடந்தது இதுதான். சித்திரை வெயிலைத் தணிக்க வாளியைத் தொட்டியில் வைத்து, ஐஸ் கட்டிகளைக் கொட்டியிருக்கிறான். குளிர் மிகுந்ததால் ஈஸ்ட் பாதி வேலையில் உறங்கிப் போயிற்று. குமிழி வருவது நின்றதும், நொதித்தல் முடிந்தது என்று எண்ணிவிட்டான். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அடர்த்திமானி கை தவறி முதல் வாரமே உடைந்துவிட்டது. வேறொன்று வாங்கவில்லை. பழைய பாட்டில் கடையில் எடைக்கு வாங்கிய பாட்டில்களில் அடைத்தான். அவற்றில் சில, அழுத்தம் தாங்கச் செய்யப்படாத ஜூஸ் பாட்டில்கள். ஓட்டைப் போலச் சுடும் பரணில் கொண்டுபோய் அடுக்கினான். அந்தச் சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, மிச்ச வேலையையும் சேர்த்த சர்க்கரையையும் ஒரேயடியாக முடித்தது.

மீதி இருந்த பத்தொன்பது பாட்டில்களை என்ன செய்வது? கிட்டே போகவே பயம். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு, பரண் முழுவதையும் ஈரக் கம்பளியால் மூடினோம். வெயில் ஏறுவதற்கு முன்னால், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, ஐஸ் நிரப்பிய டிரம்மில் இறக்கி மூடினோம். குளிர்ந்தால் வாயு மறுபடி பீரில் கரைந்து அழுத்தம் குறையும். ஒரு நாள் முழுவதும் விட்டு, மறுநாள் துணிக்குள் வைத்தே மூடிகளைத் திறந்து சாக்கடையில் ஊற்றினோம். எல்லா நேரமும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டிலாவது இப்படி நேர்ந்தால், முதல் வேலை எல்லோரும் அந்த அறையை விட்டு விலகிக் கதவைச் சாத்துவதுதான்.

பீர் வாசனையே அறியாத வீடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைக்கும் 'ஜிஞ்சர் பீர்', பழ ரசங்கள் எல்லாம் இதே விதிக்கு உட்பட்டவை. அவற்றில் சர்க்கரை இன்னும் அதிகம். கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வெளியே வைக்கவே வைக்காதீர்கள். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அமுக்கிப் பார்த்து, கல்லாகக் கெட்டியானதும் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிட வேண்டும். சிறிதளவு ஆல்கஹால் அதிலும் உண்டாகும் என்பதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நம் அரசியல் சட்டத்தின்படி மது, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தயாரிப்பது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'விற்கவில்லை, வீட்டுக்கு மட்டும்தான்' என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு மதுவாலைகள் தனி உரிமம் பெற்று நடப்பவை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குஜராத்திலும் பீகாரிலும் முழு மதுவிலக்கு. சில மாநிலங்களில் பழங்குடி மக்கள் தம் வழக்கப்படி அரிசி மது தயாரிக்க விலக்கு உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது.

பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டம் குடும்பத் தேவைக்கு அளவோடு தயாரிக்க அனுமதித்தது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வது இயல்பு. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியையும் கொண்டு வந்தால்தான் சிக்கல். விபத்து நடந்த இரவில் பக்கத்து வீட்டார் போலீசுக்குச் சொல்லியிருந்தால், அவனுடைய வேலை, கடவுச்சீட்டு எல்லாமே கேள்விக்குறி ஆகியிருக்கும்.

ஒரு சந்தேகம், ஓர் எச்சரிக்கை

"வீட்டில் செய்தால் விஷச் சாராயம் ஆகிவிடுமா?" என்று என் தங்கை அழுதுகொண்டே கேட்டாள். தானியத்தை நொதிக்க வைத்துச் செய்யும் பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. 1981இல் இதே பெங்களூரில் முந்நூறுக்கும் மேற்பட்டோரையும், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் பலி கொண்டது, தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயம். பீர் செய்யக் கற்றவர்கள் அடுத்த படியாக 'காய்ச்சிப் பார்க்கலாமே' என்று நினைப்பதுண்டு. அது தீ, விஷம், சிறை மூன்றையும் ஒருசேர அழைப்பது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

முடிவாக, பெற்றோர்களுக்கும் மாமன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இதுபோன்ற ஒன்றை ஆசையோடு காட்டும்போது, கத்தி ஒதுக்கிவிட்டால் அடுத்த முறை மறைத்துச் செய்வார்கள். நான் செய்ததுபோல் பாராட்டிவிட்டு எழுந்து வருவதும் தவறு. உட்கார்ந்து பேசுங்கள். சட்டத்தைச் சொல்லுங்கள். வாயுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே சட்டப்படி செய்வதானால், அடர்த்திமானி இரண்டு நாள் ஒரே அளவு காட்டிய பிறகே அடைக்கவும், அழுத்தம் தாங்கும் பாட்டிலே பயன்படுத்தவும் சொல்லுங்கள்.

என் தங்கை மகன் அந்த வாளியை இப்போது மொட்டை மாடியில் கறிவேப்பிலைச் செடி வைக்கப் பயன்படுத்துகிறான். அலமாரிக் கதவில் அந்தச் சில்லு பதிந்த தழும்பு அப்படியே இருக்கிறது. மெழுகு வைத்து அடைத்துத் தருகிறேன் என்று தச்சர் சொன்னார். அவன் மனைவி, "இருக்கட்டும் மாமா, பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.